முள்ளில்லாத வேலி

குதிரை நிற்கும் இடத்தில் முள்கம்பி கட்டக் கூடாது. அமெரிக்காவில் குதிரைப் பண்ணைக்கு வேலி போட வருகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய விதி இது. முள் குத்தினால் மாடு பின்வாங்கிவிடும். குதிரை அப்படியல்ல. மிரண்டுவிட்டால் கண்மண் தெரியாமல் ஓடும்; கால் கம்பியில் மாட்டிக்கொண்டால் நிற்காது, சதை கிழியக் கிழிய இழுக்கும். மேற்கு மாநிலங்களில் அரசு நிலங்களில் திரியும் மஸ்டாங் என்ற காட்டுக் குதிரைகளைத் தத்துக் கொடுக்கும்போது கூட்டாட்சி அரசு வைக்கும் நிபந்தனைகளிலும் இது உண்டு: ஒரு குதிரைக்குக் குறைந்தது 400 சதுர அடி தொழுவம், வளர்ந்த குதிரை என்றால் ஆறடி உயர வேலி, முள்கம்பி கூடவே கூடாது.

முள்கம்பிக்கும் போருக்கும் நூறாண்டுக்கு மேற்பட்ட உறவு. இலினாய் மாநிலத்தின் டிகால்ப் ஊரில் ஜோசப் கிளிடன் என்ற விவசாயி 1874-இல் காப்புரிமை வாங்கிய கம்பி, முதலில் மேய்ச்சல் நிலங்களை வளைத்தது. நாற்பதே ஆண்டுகளில் அது ஐரோப்பாவின் பதுங்குகுழிகளுக்கு முன்னால் சுருள் சுருளாக விரிந்து கிடந்தது. அந்த முதல் உலகப் போரில் மாண்ட குதிரைகள், கோவேறு கழுதைகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 80 லட்சம் என்கிறார்கள். இந்த நூற்றாண்டில் இராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் அமெரிக்க முகாம்களைச் சுற்றி மண் கொட்டி நிரப்பிய வலைத் தொட்டிகளும், அவற்றின்மேல் பிளேடு பதித்த கம்பிச் சுருள்களும் இருந்தன. அந்தக் கம்பிக்கு உள்ளே இருக்கும் வரை உயிருக்கு ஓரளவு உத்தரவாதம். வெளியே போனால் எதுவும் நடக்கலாம்.

மாதக்கணக்கில் அப்படி வாழ்ந்து ஊர் திரும்பிய ஆண்களும் பெண்களும் இன்று வர்ஜீனியாவிலும் டெக்சாஸிலும் மொன்டானாவிலும் குதிரைகளோடு சில நாள் தங்கி மனத்தைத் தேற்றிக்கொள்ளும் இளைப்பாறல் பண்ணைகளுக்குப் போகிறார்கள். அந்தப் பண்ணைகளில் பலவற்றுக்கு வேலி போட்டுக் கொடுப்பவர்கள் ஊதியம் வாங்காத உள்ளூர்த் தொண்டர்கள். பெரிய செய்தியாக இது வெளிவருவதில்லை. ஆனால் போருக்கு ஆள் அனுப்பும் ஒரு சமூகம், திரும்பி வந்தவர்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்ற கேள்விக்கு நான் பார்த்தவரையில் மிக நேர்மையான விடைகளுள் ஒன்று இந்த வேலிகளில் இருக்கிறது. விடையில் உள்ள ஓட்டையும் இந்த வேலிகளிலேயே தெரிகிறது.

பண்ணைகள் எப்படிப்பட்டவை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வர்ஜீனியாவின் புளூமான்ட் ஊரில் கென் ஃபால்க் என்பவர் தம் மனைவியோடு சேர்ந்து 37 ஏக்கர் நிலத்தைக் கொடுத்து, 2013-இல் ‘போல்டர் கிரெஸ்ட்’ என்ற இளைப்பாறல் இல்லத்தைத் திறந்தார். கடற்படையில் வெடிகுண்டுகளைச் செயலிழக்கச் செய்யும் பிரிவில் இருந்தவர் அவர். மொன்டானாவில் மைக்கா ஃபிங்க் என்ற முன்னாள் கடற்படைக் கமாண்டோ நடத்தும் ‘ஹீரோஸ் அண்ட் ஹார்ஸஸ்’ அமைப்பு, படைவீரர்களை மஸ்டாங் குதிரைகளோடு மலைக்காட்டுக்குள் அழைத்துப் போகிறது. நியூயார்க் மாநிலத்தில் பாப் நெவின்ஸ் தொடங்கிய ‘சரடோகா வார்ஹார்ஸ்’ மூன்றே நாள் பயிற்சி தருகிறது, கட்டணம் இல்லை. வியட்நாமில் காயம்பட்டவர்களை ஹெலிகாப்டரில் தூக்கிவந்த விமானி நெவின்ஸ். இவை பெயர் பெற்றவை. பெயர் வெளியே தெரியாத சிறு பண்ணைகள் எத்தனையோ. பெரும்பாலும் ஒரு முன்னாள் படைவீரரின் குடும்பம், இருக்கும் நிலத்தில், வீட்டுச் சேமிப்பைப் போட்டுத் தொடங்கியதாக இருக்கும். அங்கே முதலில் வேண்டியது கட்டடமல்ல, வேலி. வேலி இல்லாமல் ஒரு குதிரையைக்கூட வண்டியிலிருந்து இறக்க முடியாது.

வேலி என்பது செலவும் உடல் உழைப்பும் ஒருசேரக் கேட்கும் வேலை. ஒரு குதிரைக்கு இரண்டு ஏக்கராவது மேய்ச்சல் நிலம் வேண்டும் என்பது பொதுக்கணக்கு. ஆறு குதிரைகள் என்றாலே சுற்றளவு ஒரு கிலோமீட்டரை நெருங்கிவிடும். அதனால்தான் அழைப்பு போகிறது: தேவாலயக் குழுவுக்கு, உயர்நிலைப் பள்ளிக்கு, ரோட்டரி சங்கத்துக்கு, ஓய்வுபெற்ற தச்சர்களுக்கு. சாரணர் இயக்கத்தில் ‘ஈகிள்’ என்ற உச்சநிலையைப் பெற விரும்பும் சிறுவன், ஊருக்குப் பயன்படும் ஒரு பணியைத் தானே திட்டமிட்டு, ஆள் திரட்டி, முடித்துக் காட்ட வேண்டும். வேலி அமைப்பதைத் தேர்ந்துகொள்ளும் சிறுவர்கள் உண்டு. ஹோம் டிப்போ என்ற வன்பொருள் கடைச் சங்கிலியின் அறக்கட்டளை, முன்னாள் படைவீரர்களுக்கான பணிகளுக்கு 2011 முதல் பெருந்தொகை செலவிட்டுவருகிறது. அதன் ஊழியர்களும் ஆரஞ்சு நிறச் சட்டையோடு களத்தில் இறங்குகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரனின் களஞ்சியத்தை ஊர் கூடி ஒரே நாளில் எழுப்பிக் கொடுக்கும் வழக்கம் அந்நாட்டுக் கிராமங்களில் நெடுங்காலம் இருந்தது. ஆமிஷ் மக்களிடம் இன்றும் இருக்கிறது. அந்த நாட்டுப்புற அறத்தின் தொடர்ச்சிதான் இது.

நூல் பிடித்துக் குழி தோண்டி

வேலை நடக்கும் விதத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் நின்று பார்க்க வேண்டும். தோண்டுவதற்குச் சில நாள் முன்னதாகவே 811 என்ற எண்ணுக்குத் தகவல் சொல்ல வேண்டும். நாடு முழுவதற்கும் ஒரே எண். பூமிக்கு அடியில் எரிவாயுக் குழாயோ மின்கம்பியோ போகிறதா என்று பார்த்து, தரையில் வண்ணப் பூச்சால் கோடு போட்டுவிட்டுப் போவார்கள். பிறகு மூலைக் கம்பங்கள். அவை நின்ற பிறகு, இரண்டுக்கும் நடுவே நூல் பிடித்து எட்டடிக்கு ஒரு முளை அடித்துக்கொண்டு போக வேண்டும். டிராக்டரின் பின்னால் மாட்டிய துளைப்பான் குழி போடும். பாறையில் முட்டினால் கடப்பாரையை எடுக்க வேண்டியதுதான்.

எட்டடிக் கம்பத்தில் இரண்டரை முதல் மூன்றடி வரை மண்ணுக்குள் போக வேண்டும். ஒருவர் கம்பத்தைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் ரசமட்டம் வைத்துப் பார்க்க, மூன்றாமவர் ஜல்லியும் மண்ணும் மாற்றி மாற்றிப் போட்டுத் திமிசு போடுவார். ஒவ்வொரு அரையடிக்கும் நிறுத்தி இடிக்க வேண்டும். அவசரப்பட்டு மொத்தமாக மண்ணைத் தள்ளி மேலே மட்டும் மிதித்துவிட்டால், அடுத்த மழைக்கு அந்தக் கம்பம் சாய்ந்துவிடும்.

பலகையைக் கம்பத்தின் எந்தப் பக்கம் அடிப்பது என்பதில் புதியவர்கள் தவறு செய்வார்கள். வெளியிலிருந்து பார்க்க அழகாக இருக்கும் என்று சாலைப் பக்கம் அடிக்கத் தோன்றும். அடிக்க வேண்டியது உள்பக்கம், அதாவது குதிரை நிற்கும் பக்கம். 500 கிலோ எடையுள்ள குதிரை வேலியில் உடம்பைத் தேய்க்கும், சாயும். பலகை உள்ளே இருந்தால் அந்தப் பாரத்தைக் கம்பம் வாங்கிக்கொள்ளும். வெளியே இருந்தால் ஆணியோடு பிய்ந்துகொண்டு வரும். மூலைகள் கூராக இருக்கக் கூடாது, முடிந்தவரை வளைத்துவிட வேண்டும். மூர்க்கமான குதிரை ஒன்று சாதுவான இன்னொன்றை மூலையில் நெருக்கி உதைக்கும் அபாயம் அதில் குறையும். ஒரு கையில் குதிரையைப் பிடித்துக்கொண்டே மறுகையால் திறக்கும்படி கதவின் தாழ் இருக்க வேண்டும். வேலியோரம் செம்மேப்பிள் மரம் நின்றால் முதலில் அதைக் கவனிக்க வேண்டும். வாடி விழுந்த அதன் இலை குதிரையைக் கொன்றுவிடும். நிழலுக்கு நல்ல மரமாயிற்றே என்று விட்டுவைக்க முடியாது. இத்தனையையும் யாரோ சொல்லித் தந்தால்தான் தெரியும். நல்ல மனசு மட்டும் இருந்தால் நல்ல வேலி வந்துவிடாது.

சொல்லித் தருகிறவர் பல இடங்களில் அந்தப் பண்ணைக்கு ஏற்கெனவே வந்து போன முன்னாள் படைவீரர்தான். இந்த ஏற்பாட்டின் உயிர்நாடியே இதில் இருப்பதாக நினைக்கிறேன். இராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் புதிதாகக் கிளறிய மண்ணைக் கண்டால் கண்ணிவெடி என்று எச்சரிக்கையாகப் பழக்கப்பட்ட மனிதர் அவர். சாலையோரத்தில் ஒரு கைப்பிடி ஈரமண் தெரிந்தாலும் மொத்த வரிசையும் நின்றுவிடும். அவர் இப்போது காலை முழுக்கத் தம் கையாலேயே மண்ணைக் கிளறிக் குழி தோண்டுகிறார். பக்கத்தில் பதினாறு வயதுப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நிற்கிறார்கள். அந்தப் பிள்ளைகளிடம் அவர் போர்க் கதை சொல்ல வேண்டியதில்லை. கம்பம் நேராக இருக்கிறதா, இல்லையா என்று சொன்னால் போதும்.

எதிரெதிரே உட்கார்ந்து, முகத்தைப் பார்த்து, “என்ன நடந்தது, சொல்லுங்கள்” என்று கேட்டால் வாய் திறக்காதவர்கள், ஒரே குழியைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் நின்று வேலை செய்யும்போது இரண்டு வார்த்தை பேசுவார்கள். பேசாவிட்டாலும் ஒன்றும் கெட்டுவிடாது, கம்பம் நின்றுவிடும். நல்ல எண்ணத்தோடுதான் என்றாலும், பரிவு காட்ட வருகிற பலரும் கதையைக் கேட்கிறார்கள். வேலி கட்ட வருகிறவர் கேட்பது சுத்தியலை.

ஏன் குதிரை?

நாய் மனிதனோடு ஒட்டிக்கொள்ளும். குதிரை முதலில் விலகித்தான் நிற்கும். அது வேட்டையாடப்பட்ட இனம். தலையின் இருபக்கமும் அமைந்த கண்களால் ஏறக்குறைய தன்னைச் சுற்றிலும் பார்க்கும். முதுகுக்குப் பின்னாலும் நெற்றிக்கு நேர் முன்னாலும் உள்ள சிறு இடைவெளிகள்தான் அதற்குத் தெரியாத இடங்கள். எந்நேரமும் காது அசைந்துகொண்டே இருக்கும். ஆபத்து என்றால் முதலில் ஓடும், பிறகுதான் என்னவென்று பார்க்கும். போரிலிருந்து திரும்பியவரும் உணவகத்தில் சுவரோரமாக, வாசலைப் பார்த்து உட்கார இடம் தேடுகிறார். பட்டாசுச் சத்தத்துக்குத் தரையில் விழுகிறார். இந்த ஓயாத விழிப்பை பி.டி.எஸ்.டி. என்னும் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோயின் முக்கிய அறிகுறிகளில் ஒன்றாக மருத்துவர்கள் சேர்த்திருக்கிறார்கள். அந்த நோய்க்கு அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் இடம் கிடைத்ததே 1980-இல்தான். அதற்கு வியட்நாமிலிருந்து திரும்பியவர்களும் அவர்கள் பக்கம் நின்ற சில மருத்துவர்களும் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது.

வட்டத் தொழுவத்தில் நடப்பதைப் பாருங்கள். சுமார் அறுபதடி விட்டமுள்ள, உயரமான வேலியிட்ட வட்டம். உள்ளே ஒரு குதிரை, ஒரு மனிதர். கையில் கயிறு இல்லை, சேணம் இல்லை. சரடோகாவில் அந்தக் குதிரை பந்தயத்திலிருந்து ஓய்வு கொடுக்கப்பட்ட உயர்சாதிக் குதிரையாக இருக்கும். ஐந்து வயதில் ஓட்டம் முடிந்துவிடுகிறது. அதன் ஆயுளோ இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல். இருபத்தைந்து வயதில் படையிலிருந்து வெளியே வரும் இளைஞருக்கும் நிலைமை அதுதான். தொடக்கத்தில் குதிரை வேலியை ஒட்டிச் சுற்றிச் சுற்றி ஓடும். மனிதரின் தோள் இறுகியிருந்தால், மூச்சு மேலேயே நின்றுகொண்டிருந்தால், அது நெருங்காது. அவர் அதட்டிப் பயனில்லை. பதவியும் பதக்கமும் அதற்குத் தெரியாது. அவர் மூச்சைத் தளர்த்தி, பார்வையைத் தாழ்த்தி, உடம்பைச் சற்றுத் திருப்பிக்கொண்டு நிற்கக் கற்றுக்கொள்கிறார். ஓட்டம் நடையாகிறது. காது அவர் பக்கம் திரும்புகிறது. வாயை மென்றுகொண்டே தலையைத் தாழ்த்தி, மெல்ல அவரை நோக்கி வருகிறது. தன் உடம்பு அமைதியாக இருக்கிறது என்பதை அவருக்கு வெகுகாலத்துக்குப் பிறகு இன்னொரு உயிர் காட்டிக்கொடுக்கிறது.

இதை அற்புதம் என்று சொல்லிவிடத் தோன்றும். சொல்லக் கூடாது. நம்பிக்கையை விற்கிறவர்கள் இந்தத் துறையிலும் இருக்கிறார்கள். நிரூபணமானது எவ்வளவோ அவ்வளவை மட்டும் சொல்வதுதான் நோயாளிகளுக்குச் செய்யும் மரியாதை.

கொலம்பியா பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் யுவல் நெரியா, புரூடன்ஸ் ஃபிஷர் ஆகியோர் தலைமையில், புகழ்பெற்ற பந்தயக் குதிரையின் பெயரால் ‘மேன் ஓ வார் திட்டம்’ நடந்தது. நெரியா 1973 அரபு-இஸ்ரேல் போரில் இஸ்ரேலின் மிக உயர்ந்த வீரப் பதக்கம் பெற்றவர். போர் மனத்தை என்ன செய்யும் என்பதைப் புத்தகத்தில் மட்டும் படித்தவரல்ல. பி.டி.எஸ்.டி. இருந்த 63 முன்னாள் படைவீரர்கள் நியூ ஜெர்சியில் உள்ள ஒரு குதிரைப் பயிற்சி மையத்துக்கு வாரம் ஒருமுறை, ஒன்றரை மணி நேரம் வீதம் எட்டு வாரம் வந்தார்கள். சவாரி கிடையாது, தரையில் நின்று குதிரையோடு பழகுவது மட்டும்தான். ஏறக்குறைய பாதிப் பேருக்கு அறிகுறிகள் குறிப்பிடத்தக்க அளவு குறைந்தன. மூன்று மாதம் கழித்தும் அந்தப் பலன் நின்றது. 2021-இல் முடிவு வெளிவந்தது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லாத ஆய்வு என்பதால் இதை முழு நிரூபணம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. மிசூரிப் பல்கலைக்கழகத்தார் காத்திருப்போர் குழுவை வைத்து ஒப்பிட்டு 2018-இல் வெளியிட்ட ஆய்வும் நல்ல பலனையே காட்டியது. ஆனால் அதில் பங்கேற்றவர்கள் 29 பேர்தான்.

எனக்கு இவற்றைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று. கொலம்பியா ஆய்வில் பாதியில் விட்டுப் போனவர்கள் மிகச் சிலர். பேச்சுவழி சிகிச்சைகள் இரண்டை ஒப்பிட்டு முன்னாள் படைவீரர் நலத்துறையின் மருத்துவமனைகளில் 900-க்கும் மேற்பட்டோரிடம் நடத்தி 2022-இல் வெளியான பெரிய ஆய்வில், கிட்டத்தட்ட பாதிப் பேர் சிகிச்சையை முடிக்காமலே நின்றுவிட்டார்கள். நிரூபணமான சிகிச்சைகள் அவை. முடித்தவர்களுக்குப் பலன் உண்டு. ஆனால் நடந்ததை மறுபடி மறுபடி வாயால் சொல்லச் சொல்லும் சிகிச்சையைத் தாங்கிக்கொள்ள எல்லாராலும் முடிவதில்லை. மருத்துவமனை வாசலைக்கூட மிதிக்காதவர்கள் இன்னொரு பக்கம். 2022-இல் மட்டும் 6,407 முன்னாள் படைவீரர்கள் தற்கொலை செய்துகொண்டதாக அத்துறையின் ஆண்டறிக்கை கூறுகிறது. நாளொன்றுக்குப் பதினேழு பேருக்கு மேல். அவர்களில் பெரும்பாலோர் அண்மைக் காலத்தில் அத்துறையின் மருத்துவ உதவியைப் பெறாதவர்கள். சிகிச்சைக்கு வராதவர்களைக் குதிரை வரவழைக்கிறது என்றால், வந்தவர்களைத் தங்கவைக்கிறது என்றால், அதுவே போதிய காரணம். குதிரைப் பண்ணை மருத்துவமனைக்கு மாற்று அல்ல. மருத்துவமனைக்கு வர மனமில்லாதவர் முதலில் கால் வைக்கும் திண்ணை அது.

நன்றியும் கடனும்

அமெரிக்காவில் கட்டாய ராணுவச் சேவை 1973-இல் நின்றது. அதற்குப் பிறகு போர் என்பது தாமாக முன்வந்து சேர்ந்த சிலரின் வேலையாயிற்று. எந்த நேரத்திலும் களப்பணியில் இருப்பவர்கள் மக்கள்தொகையில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. பெரும்பாலான குடும்பங்களுக்கு இராக் போரும் ஆப்கன் போரும் தொலைக்காட்சியில் வந்து போனவை. இருபது ஆண்டு நடந்த போரில் தங்கள் வீட்டிலிருந்து எவரும் போகவில்லை. இந்த இடைவெளியை நிரப்ப அங்கே ஒரு மரபு உருவாகியிருக்கிறது. விமான நிலையத்தில் சீருடையைக் கண்டால் “உங்கள் சேவைக்கு நன்றி” என்பார்கள். விளையாட்டு மைதானத்தில் எழுந்து நின்று கைதட்டுவார்கள். மனமாரச் சொல்கிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த நன்றி சொன்னவரைத் தேற்றும் அளவுக்குக் கேட்டவரைத் தேற்றுவதில்லை. அதற்கு என்ன பதில் சொல்வது என்றே தெரியாமல் திகைக்கும் முன்னாள் படைவீரர்கள் ஏராளம்.

வேலி கட்டுவதில் அந்தத் திகைப்பு இல்லை. கைதட்டுகிறவர் ஒருபக்கம், மேடையில் நிற்பவர் மறுபக்கம் என்ற பிரிவு இல்லை. சேற்றுக்காலோடு இருவரும் ஒரே பலகையின் இரு முனைகளைத் தூக்குகிறார்கள். போரின் சுமையில் பங்கெடுக்காத குடிமகன், அதன் பின்விளைவில் ஒரு சிறு பங்கைத் தன் தோளில் ஏற்றிக்கொள்கிறான். நியூ ஜெர்சியிலும் டெக்சாஸிலும் குடியேறியிருக்கும் நம் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் பல பள்ளிகளில் தொண்டுப்பணி செய்த மணிக்கணக்கைக் காட்ட வேண்டியிருக்கிறது. குளிரூட்டிய அறையில் முடியும் பணிகளைத் தேடும் பெற்றோர்கள், ஒரு சனிக்கிழமை பிள்ளையோடு தாங்களும் கம்பம் நடப் போகலாம். வந்து வாழும் நாட்டின் காயங்களைத் தெரிந்துகொள்ளாமல் அந்த நாட்டைத் தெரிந்துகொள்ள முடியாது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று இருக்கிறது, அதைத் தட்டிக்கழிக்க முடியாது. போருக்கு அனுப்பியது அரசு. காயத்தை ஆற்ற வேண்டியதும் அரசு. ஊர்மக்கள் இலவசமாக வேலி போட்டுக் கொடுத்தால், அரசு தன் கடமையிலிருந்து நழுவ அது வழியாகாதா? ஆகும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. முகாம்களில் குப்பையைத் திறந்த குழிகளில் எரித்த நச்சுப் புகையால் நோயுற்றவர்களுக்கு முழுமையான மருத்துவ உரிமை தரும் சட்டம் 2022 ஆகஸ்டில்தான் வந்தது. அதற்குள் எத்தனையோ பேர் காத்திருந்தே இறந்துபோனார்கள்.

கிளே ஹன்ட் என்ற மரைன் படைவீரரை இங்கே நினைக்க வேண்டும். இராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் போரிட்டவர். ஹெயிட்டியில் 2010-இல் நிலநடுக்கம் வந்தபோது, முன்னாள் படைவீரர்கள் தொடங்கிய ‘டீம் ரூபிகான்’ நிவாரணக் குழுவோடு அங்கே போய் உழைத்தார். பிறருக்கு உழைப்பதில்தான் தனக்கு நிம்மதி இருக்கிறது என்று கண்டுகொண்டவர். மறுபக்கம், நலத்துறையின் கோப்புகளோடும் தாமதங்களோடும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். 2011-இல், 28 வயதில், தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டார். படைவீரர் தற்கொலைத் தடுப்புக்காக 2015-இல் ஒபாமா கையெழுத்திட்ட சட்டம் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. உழைப்பும் தோழமையும் மனிதனைத் தூக்கி நிறுத்தும். ஆனால் மருத்துவரும் மருந்தும் உரிய நேரத்தில் கிடைக்காவிட்டால் அவை மட்டும் போதாது. ஆகவே வேலி கட்டுகிறவர்கள் தங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்குக் கடிதமும் எழுத வேண்டும். ஒன்றைச் செய்தால் மற்றொன்று வேண்டாம் என்ற கணக்கு தவறு. குதிரைப் பண்ணையில் ஒரு நாள் நின்று பார்த்தவர் எழுதும் கடிதத்தில் இருக்கும் அழுத்தம், பார்க்காதவர் கடிதத்தில் இருக்காது.

எனக்கிருக்கும் கவலை வேறு. கட்டுவதற்கு ஆள் கிடைக்கிறார்கள், காப்பதற்குக் கிடைப்பதில்லை. முன்னாள் படைவீரர் தினமான நவம்பர் 11-ஐ ஒட்டிக் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். புதுப் பலகையின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். நன்கொடை தருகிறவர்களுக்கும் தங்கள் பெயரைப் பொறிக்க ஒரு கதவோ தொழுவமோ வேண்டும்; தீவனத்தில் பெயர் பொறிக்க முடியாது. ஆனால் குதிரை ஒவ்வொரு நாளும் பத்துக் கிலோ அளவுக்கு உலர்புல் தின்னும், இருபது முதல் நாற்பது லிட்டர் தண்ணீர் குடிக்கும். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை லாடக்காரர் வந்து குளம்பைச் சீவ வேண்டும். கால்நடை மருத்துவர், பல் தேய்ப்பு, குடற்புழு மருந்து என்று செலவு நிற்பதே இல்லை. மரவேலியைக் குதிரையே கடித்துத் தின்னும். குளிர்காலத்தில் ஈரமண் உறைந்து விரியும்போது கம்பத்தையே மேலே தூக்கிவிடும். ஆணி தளர்ந்த ஒரே ஒரு பலகை போதும், இரவில் குதிரை சாலைக்கு வந்துவிடும்.

குதிரையைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்க ராணுவமே சாட்சி. ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் வீரர்களின் சவப்பெட்டியை வண்டியில் இழுத்துப் போகும் குதிரைப்படைப் பிரிவு நாட்டின் மிகப் பெரிய மரியாதைச் சின்னங்களில் ஒன்று. காயமடைந்த படைவீரர்களுக்கு அந்தக் குதிரைகளைக் கொண்டே சவாரிப் பயிற்சி தரும் முயற்சி 2006-இல் அங்கே நடந்தது. அதே பிரிவில் 2022-இல் சில நாள் இடைவெளியில் இரண்டு குதிரைகள் இறந்தன. மட்டமான தீவனம், போதாத மேய்ச்சல் நிலம், புல்லோடு சேர்ந்து உள்ளே போன மணலும் சரளையும் என்று விசாரணையில் வெளிவந்தது. 2023-இல் குதிரை வண்டி ஊர்வலமே நிறுத்தப்பட்டது. மீண்டும் தொடங்க 2025 ஆயிற்று. உலகின் மிகப் பணக்கார ராணுவத்துக்கே இந்த நிலை என்றால், நன்கொடையை நம்பி நடக்கும் பண்ணையை எண்ணிப் பாருங்கள். படைவீரரின் மனத்தைத் தேற்றும் பொறுப்பைக் குதிரையின் தலையில் ஏற்றுகிறோம். அது கேட்டு வாங்கிய வேலையல்ல. அதன் வயிறும் குளம்பும் நலமாக இருப்பதைப் பார்த்துக்கொள்ளாத பண்ணை எந்தப் பெயரில் நடந்தாலும் நடக்கத் தகாதது.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. நலத்துறை, மாற்றுத்திறன் விளையாட்டுகளுக்கான தன் மானியத் திட்டத்தின் வழியாகக் குதிரைவழிப் பயிற்சிகளுக்கும் ஓரளவு பணம் தருகிறது. அதைப் பெருக்க வேண்டும். பெறுகிற பண்ணையில் தகுதி பெற்ற மனநல நிபுணர் ஒருவர் இருக்க வேண்டும், குதிரைகளின் நலத்தை வெளியார் வந்து சோதிக்க வேண்டும் என்று நிபந்தனை வைக்க வேண்டும். ஒப்பீட்டுக் குழு வைத்த பெரிய ஆய்வுகளுக்கு அரசே பணம் ஒதுக்க வேண்டும். தனியார் கொடையாளர் தயவில் அவை நடக்கும் காலம் போதும்.

தொண்டர் குழுக்கள், தாங்கள் கட்டிய வேலியை ஐந்தாண்டு பார்த்துக்கொள்வதாக எழுதிக் கொடுக்கலாம். நிறுவனங்கள் மரம் வாங்கித் தரும் தொகையில் கால் பங்கைப் பழுதுபார்ப்புக்கும் தீவனத்துக்கும் என்று தனியே வைக்கலாம். நவம்பரில் ஐம்பது பேர் வரும் ஊரில், மார்ச் மாதம் மண் இளகத் தொடங்கும்போது ஐந்து பேர் ரசமட்டமும் சுத்தியலுமாக வேலியை ஒருமுறை சுற்றி வந்து, மேலெழும்பிய கம்பங்களை மறுபடி இடித்து இறுக்கி, விரிசல் விட்ட பலகைகளை மாற்றிக் கொடுத்துவிட்டால், அந்தப் பண்ணை வசந்தகால முகாமைத் தள்ளிப்போடாமல் தொடங்கிவிடலாம்.